படியில் இருந்த சாவி

அரப்பைக் கரைத்துக் கணவரின் தலையில் தேய்க்கும்போதுதான் ராமாயி அந்த இடுப்புக் கயிற்றைப் பார்த்தாள். கயிறு மட்டும் இருந்தது. அதில் எப்போதும் தொங்கும் பெட்டிச் சாவி இல்லை.

அவள் கை நிற்கவில்லை. சுற்றிலும் பங்காளிகள் வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூத்த மகன் ரமேஷ்குமார் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான்.

"சாவி எங்கடா?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"எடுத்து வெச்சிட்டேனுங்கம்மா. ராகிப் படியில இருக்குது. மூச்சு அடங்கறதுக்கு முன்னாடி எடுக்கோணுமில்ல?"

ராமாயி தலையசைத்தாள். முறைப்படிதான் செய்திருக்கிறான். அந்தத் துக்கத்திலும் மனதின் ஒரு ஓரத்தில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

குலசாமியின் நகைப்பெட்டி நாலு தலைமுறையாக அந்த வீட்டில்தான் இருக்கிறது. சாவி வீட்டின் மூத்த ஆணின் இடுப்பில் இருக்கவேண்டும். ஆனால் பிணத்தின் மேல் இருக்கக்கூடாது. சாவி இடுப்பில் கிடக்க உயிர் போய்விட்டால் பெட்டி பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அதனால் கடைசி மூச்சு இழுக்கும் நேரத்தில் மனைவியோ மூத்த மகனோ சாவியை அவிழ்த்து, படி நிறைய ராகி கொட்டி அதில் புதைத்து வைப்பார்கள். பாடை தூக்குவதற்கு முன் ஊர்க்கவுண்டர் சபையில் கேட்பார். எடுத்தது யார், எடுக்கும்போது உயிர் இருந்ததா, அடுத்து யாருக்கு? மனைவிதான் பதில் சொல்லவேண்டும். ராமாயியின் மாமியார் அப்படிச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. ராமாயியும் நடுங்கமாட்டாள்.

அந்த வீட்டின் மானத்தை அவள் சும்மா காக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஆடி நோம்பியன்று கணவர் கருப்பண்ணன் சாவியை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனார். தேவனூர் நாடே கோயில் வாசலில் காத்து நின்றது. பங்காளி சின்னுசாமி எல்லார் காதிலும் விழும்படி, "சாமிகிட்ட டூப்ளிகேட் இருக்குதான்னு கேட்டுப் பாருண்ணா" என்றான். ஊர் சிரித்தது. கடைசியில் மிளகு பறிக்கும் ஏணியின் உச்சிப்படியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சாவி கிடைத்துவிட்டது. அந்தச் சிரிப்பை ராமாயி இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த வாரமே இளையவன் சந்தோஷ்குமார் நாமக்கல்லிலிருந்து ஒரு டிராக்கர் வாங்கி வந்தான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவனுக்கு வேலை. வட்டமாக, வெள்ளையாக, பெரிய சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. சாவி வளையத்தில் அதையும் கோத்து, தான் கொடுத்திருந்த பழைய டச் போனில் இணைத்து, அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

"எருமைக்கு மணி கட்டறாப்ல எனக்குக் கட்டறீங்களா?" என்று கருப்பண்ணன் சத்தம் போட்டார். பிறகு பேசாமல் கட்டிக்கொண்டார்.

ராமாயி அதை வில்லை என்றுதான் சொல்வாள். போனில் அமுக்கினால் வில்லை எங்கிருந்தாவது கீச்சிடும். மாட்டுக் கொட்டகையிலிருந்து, மரவள்ளிக்கிழங்கு மூட்டைக்கு அடியிலிருந்து, ஒருமுறை உப்புச் சட்டிக்குள்ளிருந்து. அவள் தேடி எடுத்து வந்து அவர் இடுப்பில் கட்டுவாள். அவருக்கு நினைவு தப்புகிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய விடவில்லை.

குளிப்பாட்டி, கோடி உடுத்தி, பந்தலுக்கடியில் கிடத்தினார்கள். ராமாயி படியை எடுத்துவர உள்ளறைக்குப் போனாள். படியின் வாய் மஞ்சள் துணியால் மூடிக் கட்டியிருந்தது. சபையில் அவிழ்க்கும்வரை ராகிக்குள் கை விடக்கூடாது. சாவி உள்ளே இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள அவள் போனை எடுத்து அமுக்கினாள்.

சத்தம் வரவில்லை. வழக்கமாகத் திரையில் தெரியும் வட்டத்தையே காணோம்.

"சந்தோசு, இங்க வா சாமி."

அவன் வந்து போனை வாங்கிப் பார்த்தான். மேலும் கீழும் தள்ளினான். நெற்றியைச் சுருக்கினான்.

"இதுல வில்லையே இல்லீங்கம்மா. யாரோ அழிச்சிருக்காங்க."

"தானா அழியுமா?"

"அழியாதுங்க. நீக்கு, நிச்சயமா நீக்கோணுமான்னு ரண்டு தடவ கேக்கும். ரண்டு தடவையும் ஆமான்னு சொன்னாத்தான் போவும்." தன் போனைப் படியின் அருகே கொண்டுபோனான். கொஞ்ச நேரம் காத்திருந்தான். "உள்ள இருக்குது. ஆனா வேற போன்ல சேத்தி வெச்சிருக்காங்க."

ராமாயிக்கு யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. "உங்கண்ணனக் கூப்புடு. கதவச் சாத்து" என்றாள்.

ரமேஷ்குமார் ஈர வேட்டியோடு, வெற்று மார்போடு வந்தான். தம்பியின் கையில் அம்மாவின் போனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். வெளியே பறை முழங்கிக்கொண்டிருந்தது.

"உம்போனக் குடு" என்றாள் ராமாயி.

"இப்ப எதுக்குங்கம்மா? வெளிய ஊரே காத்துக்கிட்டு..."

"குடுடா."

மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். சந்தோஷ்குமார் அதைத் திறந்து பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"படிச்சுச் சொல்லு" என்றாள் ராமாயி.

"'ரமேஷ் பெட்டி'ன்னு பேரு வெச்சிருக்குதுங்க. சேத்தது..." அவன் நிறுத்தினான். "செவ்வாக்கெழம காலையிலங்க."

உயிர் போனது இன்று, வியாழக்கிழமை விடியற்காலை.

ராமாயி சுவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்தேதான் நின்றாள். ஆனால் நேற்றைய சாயங்காலம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. நேற்று அவர் மூன்று வாய் சாமைக் கஞ்சி குடித்தார். பிழைத்துக்கொள்வார் என்று அவள் நம்பினாள். கஞ்சி குடித்த பிறகு அவருடைய வலது கை இடுப்புக்குப் போனது. தடவியது. மறுபடியும் தடவியது. "சாவி எங்க புள்ள?" என்றார். போர்வையை விலக்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. துணி மாற்றிவிடுவது மகனின் வேலை. போனில் அமுக்கினால் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் கெடும் என்று அமுக்கவும் இல்லை.

"இருக்குதுங்க. இடுப்புலதான் இருக்குது. தூங்குங்க" என்றாள்.

கயிறு அறுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தொட்டு வந்து போர்வைக்குள் கை விட்டுக் கயிற்றுக்கு மேலே விலாப்புறம் மட்டும் தடவினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சாவி இல்லையென்று அவருக்குத் தெரியும். இருக்கிறது என்று அவள் சொன்னாள். நேற்றுவரை அவள் ஒரு பொய்யும் சொல்லாத மனுசனிடம், கடைசிப் பேச்சாக.

"டாக்டரே கைய விரிச்சிட்டாருங்கம்மா" என்றான் ரமேஷ்குமார். "திங்கக்கெழமையே ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாரு. திடீர்னு நடுச்சாமத்துல மூச்சு நின்னுபோயிருந்தா? சாவி பொணத்து மேல கெடந்துச்சுன்னு சின்னுசாமி சித்தப்பன் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருப்பாரு. அப்பறம் மானம் போச்சுன்னு நீங்கதான் அழுவீங்க. நாஞ் செஞ்சது உங்களுக்காகத்தானுங்க."

"எனக்காகவா?"

"நம்மூட்டுக்காக."

"அப்ப எங்கிட்டச் சொல்லிட்டு எடுத்திருக்கலாமில்ல?"

அவன் ஈர வேட்டியின் முனையைப் பிழிந்தான்.

"எம்போன்ல இருந்ததை எதுக்குடா அழிச்ச?"

"நீங்க பழக்கதோசத்துல அமுக்கிட்டா..."

"அமுக்கிட்டா?"

"படியிலருந்து கத்தும்."

"கத்துனா எனக்குத் தெரிஞ்சிரும். தப்புன்னு தெரிஞ்சேதான் பண்ணியிருக்கற."

"அவருக்கு நெனப்பே இல்லீங்கம்மா! சாவியேது, சாக்கேதுன்னு அவருக்கு என்ன தெரியும்?"

ராமாயியின் கை எழுந்தது. அறைந்த சத்தம் பறையை மீறி வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. சந்தோஷ்குமார் பின்வாங்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டான்.

"சாகறதுக்கு முன்னாடி எடுக்கோணும்னுதான் பெரியவங்க சொன்னாங்க. உசுரோட கெடக்கறவன் இடுப்புலருந்து உருவச் சொல்லல. கஞ்சி குடிச்சாரு. பேசினாரு. ரண்டு நாளு அதையே தேடினாரு. நீ பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கற."

ரமேஷ்குமார் கன்னத்தைத் தடவவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"ராமாயக்கா!" வெளியே ஊர்க்கவுண்டர் மாணிக்கத்தின் குரல் கேட்டது. "மேகம் எறங்குதுங்க. படியக் கொண்டுவாங்க."

"வாரேனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, ராமாயி படியின் துணியை அவிழ்த்தாள். பிள்ளைகள் இருவரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். அவள் ராகிக்குள் விரலை விட்டுச் சாவியை எடுத்தாள். கூடவே வில்லையும் வந்தது. அதன் விளிம்பு இடுக்கில் ராகி மணிகள் ஒட்டியிருந்தன.

"அழி" என்றாள் மூத்தவனிடம். "உங்கையாலயே அழி."

"இருந்தா என்னங்கம்மா? எப்படியும் எனக்குத்தான வரப்போவுது?"

"வரட்டும். இப்ப அழி. அழிக்காம இந்தப் படி வெளிய வராது. உங்கப்பன் பாடையும் எந்திரிக்காது. மழையில நனைஞ்சாலும் சரி."

அவன் போனை வாங்கினான். பெருவிரல் ஈரமாக இருந்ததால் திரை முதலில் கேட்கவில்லை. விரலைச் சுவரில் தேய்த்துவிட்டு மறுபடியும் அமுக்கினான். நீக்கவா என்று கேட்டது. அம்மாவைப் பார்த்தான். ஆமென்று தொட்டான். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. அதையும் தொட்டான்.

சந்தோஷ்குமார் வில்லையின் மூடியைத் திருகித் திறந்தான். ராகியை ஊதித் தள்ளினான். பேட்டரியை எடுத்து மறுபடி வைத்து அழுத்தினான். கீச்சென்றது. எடுத்தான், வைத்தான், அழுத்தினான். மறுபடியும் கீச்சென்றது. திரும்பத் திரும்பச் செய்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் ரமேஷ்குமாரின் தோள் லேசாகக் குலுங்கியது. கடைசியில் மட்டும் சத்தம் வேறு மாதிரி, நீளமாக வந்தது.

"பழசு எல்லாம் போயிருச்சுங்க. இப்பப் புதுசு மாதிரி." அம்மாவின் போனை வில்லையின் பக்கத்தில் வைத்தான். திரையில் சின்ன வளையம் சுற்றியது. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். சுற்றிக்கொண்டே இருந்தது. மூவரும் அதையே பார்த்து நின்றார்கள். பிறகு வளையம் நின்றது.

"பேரு கேக்குதுங்கம்மா. என்ன வெக்கட்டும்?"

"முன்னாடி என்ன இருந்துச்சு?"

"'அப்பா சாவி'ன்னு வெச்சிருந்தேன்."

"அதையே வை."

சாவியை ராகிக்குள் புதைத்து, துணியைக் கட்டி, படியை இடுப்பில் வைத்துக்கொண்டு ராமாயி வெளியே வந்தாள். பறை நின்றது. மேகம் சவுக்கு மரங்களின் பாதிவரை இறங்கியிருந்தது. மாணிக்கம் துணியை அவிழ்த்து, விரலால் கிளறி, சாவியை ஊருக்குக் காட்டிவிட்டு மறுபடியும் புதைத்தார்.

"சாவிய எடுத்தது யாருங்க?"

ரமேஷ்குமார் தலைமாட்டில் நின்றிருந்தான். அவன் கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. அழுது வீங்கியிருக்கிறது என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

"நாந்தான் எடுத்தேன்" என்றாள் ராமாயி.

"எடுக்கறப்ப உசுரு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. அவரு பாக்கப் பாக்கத்தான் எடுத்தேன்."

"அண்ணி, ஒரு வார்த்தை." கூட்டத்திலிருந்து சின்னுசாமி முன்னால் வந்தான். பணிவாகத்தான் பேசினான். அந்தப் பணிவு அவளுக்குத் தெரியும். "நேத்துச் சாயந்தரம் எங்கூட்டுக்காரி வந்து பாத்துட்டுப் போனாளுங்க. அண்ணன் இடுப்பத் தடவிக்கிட்டே கெடந்தாருன்னா. எதையோ களவு குடுத்தவராட்டம் தேடினாராம். உங்களுக்குத் தெரிஞ்சு எடுத்திருந்தா அவரு எதுக்குங்க தேடோணும்?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. மாணிக்கம் குறுக்கே பேசவில்லை. கேள்வி சபைக்கு வந்துவிட்டது. ராமாயி மூத்தவனைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், களவாக எடுத்த சாவி செல்லாது என்று பெட்டி இன்றைக்கே சின்னுசாமியின் வீட்டுக்கு நடக்கும். சாகாத அப்பனிடம் திருடினவன் என்று தேவனூர் நாடு முழுவதும் பேசும். பேசட்டும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. வாய்வரை வந்துவிட்டது.

"என் கையத் தேடினாரு" என்றாள்.

கட்டியவனைப் பற்றிச் சபையில் அப்படி ஒரு சொல்லை அந்த ஊரில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. சின்னுசாமி தரையைப் பார்த்தான். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போதுங்க" என்றார் மாணிக்கம். அவர் குரல் இறங்கியிருந்தது. "அடுத்து யாருக்குங்க?"

"மூத்தவனுக்கு."

"பேரச் சொல்லோணுமுங்க."

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். கண்களை மூடி, தாடையைக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டியிருந்தார்கள். அதில் பதில் ஒன்றும் இல்லை.

"ரமேஷ்குமாரு" என்றாள். குரல் நடுங்கவில்லை.

ஊர் ஒப்புக்கொண்டது. பறை மறுபடியும் எழுந்தது. ராமாயி படியோடு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். கருமாதிவரை படி அவளிடம்தான் இருக்கவேண்டும். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. நாலு பேர் பாடைக்குத் தோள் கொடுக்க வந்து நின்றார்கள்.

"மூத்தவரு அம்மாகிட்ட உத்தரவு வாங்கிக்கோங்க" என்று யாரோ சொன்னார்கள்.

ரமேஷ்குமார் வந்தான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, குனிந்தான்.

ராமாயி படியை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, இரண்டு கால்களையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவன் கைகள் ஈரச் சாணித் தரையில் பட்டன.