அங்கே தண்ணீர்தான் இருந்தது

எய்லெர்ட்டுக்குச் சும்மா உட்காருவது என்றாலே ஆகாது. தன் கல்யாண விருந்தின் நடுவிலேயே எழுந்துபோய், கட்டியிருந்த படகு அசைகிறதா என்று பார்த்துவிட்டு வந்த ஆள். அவரைக் கொண்டுபோய் கண் ஆஸ்பத்திரி இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மறைத்து, தாடையை ஒரு தாங்கியில் வைத்து, "எதிர்ல இருக்கற மஞ்சப் புள்ளியை மட்டும் பாருங்க. பக்கத்துல எங்க வெளிச்சம் மின்னினாலும் பட்டனை அழுத்துங்க. கண்ணு மட்டும் அசையக்கூடாது" என்றால் நடக்கிற காரியமா?

மெஷின் கீச்சென்று கத்தியது.

"கேப்டன், உங்க கண்ணு மறுபடி ஓடிப்போச்சு" என்றாள் பரிசோதனை செய்கிற குன்வோர்.

"ஓடத்தான் செய்யும்! ஒரே இடத்தை முறைச்சுப் பார்த்துட்டு ஃபெர்ரி ஓட்டினா பாறை மேலதான் ஏத்தணும். கண்ணை மேய விடறதுதான் எங்க தொழில்."

"இங்க மேய்ச்சலுக்குப் புல்லு இல்ல. முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

எய்லெர்ட் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். எரிச்சல் எரிச்சலாக வந்தது. எல்லாம் அந்த டோர்மோட் செய்த வேலை. முப்பது வருஷமாகக் கூட இருக்கிற துணை மாலுமி, இப்படிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவான் என்று யார் நினைத்தார்கள்?

போன வாரம் துறையை நெருங்கும்போது டோர்மோட் முன்பக்கத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினான். எய்லெர்ட் எஞ்சினைப் பின்னுக்கு இழுத்தார். ஃபெர்ரி உறுமிக்கொண்டு நின்ற இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிவப்பு கயாக், ஒற்றை ஆள் துடுப்புப் படகு; அதில் ஒரு சின்னப் பெண். துடுப்பை மார்போடு இறுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். எய்லெர்ட் ஜன்னலைத் திறந்து, பயத்தையெல்லாம் கோபமாக்கி அவள் தலையில் கொட்டினார்.

"கண்ணு தெரியலையா உனக்கு? எங்கேருந்து வந்து குறுக்கே விழறே?"

பதில் சொன்னது டோர்மோட்தான். "குறுக்கே விழலடா. ரொம்ப நேரமா அங்கதான் இருந்தா. நீ பார்க்கலையா?"

"அங்க தண்ணிதான் இருந்தது. என் கண்ணால பார்த்தேன்."

"அப்ப போய் அந்தக் கண்ணைக் காட்டு. நீயா போறியா, இல்ல நான் கம்பெனியில சொல்லட்டுமா?"

அதனால்தான் வந்தார். பார்வையில் குறை என்று வந்துவிட்டால் கேப்டன் சான்றிதழ் போய்விடும். அது போனால் கரையில் அவருக்கு என்ன வேலை தெரியும்? டிக்கெட் கிழிக்கவா? இன்றைக்குச் சாயங்கால ஃபெர்ரியே அவருடையதுதான். சோதனையை முடித்துக்கொண்டு, டோர்மோட் மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு, சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கப் போகிறார்.

இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சள் புள்ளியையே பார்த்தார். மேலே ஒரு மினுக்கு. அழுத்தினார். ஓரத்தில் ஒன்று. அழுத்தினார். மேலே மறுபடியும். இவ்வளவுதானா! பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தார். வெள்ளைக் கிண்ணம் போன்ற அந்தக் குழிவு வெறுமனே இருந்தது.

"மெஷின் நின்னுபோச்சா?"

"இல்லையே, நல்லா ஓடுது. பேசாதீங்க."

அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு 'டிக்'. மேலே வெளிச்சம் மின்னியபோதெல்லாம் இதே சத்தம்தான் கூடவே வந்தது. இப்போது சத்தம் வருகிறது, வெளிச்சத்தைக் காணோம்.

'டிக்.' அழுத்தினார். 'டிக்.' மறுபடியும் அழுத்தினார். யாருக்குத் தெரியப்போகிறது? காது நன்றாகத்தான் கேட்கிறது. இப்படியே அழுத்திக்கொண்டு போனால் சாயங்காலம் ஃபெர்ரியில் இருக்கலாம்.

ஃபெர்ரியில். ஆனால் கயாக் 'டிக்' என்று சத்தம் போடுமா? துடுப்பை இறுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. எய்லெர்ட் பட்டனை மடியில் போட்டுவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"இப்ப கடைசியா அழுத்தினதெல்லாம் பொய்யி. சத்தத்தைக் கேட்டு அழுத்தினேன். கீழ எதுவும் தெரியலம்மா."

குன்வோர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இன்னொரு கண்ணும் அதே கதைதான். மெஷின் அச்சடித்துத் தந்த காகிதத்தில் கீழ்ப்பாதி முழுக்கக் கரியைப் பூசினாற்போல் வந்தது.

"கறுப்பா எதுவும் எனக்குத் தெரியலையே" என்றார், அந்தக் காகிதத்தையே முறைத்துக்கொண்டு.

"தெரியாது. கண்ணுக்குள்ள விழித்திரையில படறதை ஒரு நரம்புதான் மூளைக்குக் கொண்டுபோகுது. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி அந்த நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்திருக்கு. சேதி வராத இடத்தை மூளை சும்மா விடாது. பக்கத்துல என்ன இருக்கோ அதை வெச்சு ஒட்டுப் போட்டுடும். நீங்க வேற கண்ணை ஓட்டிக்கிட்டே இருந்தீங்களா, ஒட்டு இருக்கறதே உங்களுக்குத் தெரியல."

"பக்கத்துல தண்ணி இருந்தா?"

"தண்ணியைத்தான் காட்டும், கேப்டன். சொட்டு மருந்து இருக்கு. மிச்சத்தைக் காப்பாத்தலாம். போனது வராது."

வாசலில் காரில் சாய்ந்துகொண்டு டோர்மோட் நின்றிருந்தான். "என்னடா, என்னைத் திட்டறதுக்கு எல்லாம் தயாரா?"

எய்லெர்ட் பையிலிருந்து ஃபெர்ரி சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். டோர்மோட்டின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"சாயங்காலம் நீயே ஓட்டு, உனக்கும்தான் சான்றிதழ் இருக்கே. அந்தப் பொண்ணு வீடு தெரியுமா?"

"கடைக்குப் பின்னாடி, மஞ்ச வீடு. எதுக்கு?"

"அவ அங்கதான் இருந்தாடா. கண்ணு தெரியலையான்னு அவளைப் போய்க் கேட்டேனே!" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அழுகையை அடக்க அவர் முயலவில்லை.

டோர்மோட் காரைக் கிளப்பினான். மஞ்சள் வீட்டு வாசலில் மூன்று கற்படிகள் இருந்தன. ஒரு மாதமாகப் படிகளில் தடுக்கி விழுந்து, படி கட்டினவனையெல்லாம் திட்டிக்கொண்டிருந்த மனிதர், இப்போது தலையைக் குனிந்து ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்து ஏறி, கதவைத் தட்டினார்.