கிட்டாருக்குள் ஒரு பாவு முடிச்சு

"இரைச்சல் போச்சுன்னா சந்தோஷப்படணும். நீ என்னமோ எழவு வூட்ல ஒக்காந்த மாதிரி ஒக்காந்துகினு கீற."

"எப்டிப் போச்சு?"

"எத்தினி வாட்டி சொல்றது? உள்ள செம்புத் தகடு ஒட்டினேன். அவ்ளோதான்."

வெங்கட் சொன்னதை மோகனப்ரியா சோதித்துப் பார்த்தாள். மடியில் கிட்டாரை வைத்தபடி சுழல் நாற்காலியை டியூப் லைட்டின் பக்கம் திருப்பினாள். சத்தமில்லை. வாசல் பக்கம் திருப்பினாள். அப்போதும் இல்லை. போன வாரம்வரை விளக்கைப் பார்த்து உட்கார்ந்தால் போதும், பாட்டிலுக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி ரீங்காரம் கிளம்பும். வாசல் பக்கம் திரும்பினால் அடங்கிவிடும். அதோடு அவளுக்கு ஒரு சிநேகமே உண்டாகியிருந்தது. இன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் கிட்டார் ஊமையாக, ஒழுங்குப் பிள்ளையாக இருந்தது.

திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு மாடியறைதான் அவர்களுடைய கிட்டார் பழுதுபார்க்கும் கடை. மரவேலையெல்லாம் வெங்கட்டுக்கு, மின்வேலையெல்லாம் அவளுக்கு. வைகாசியில் இருவருக்கும் கல்யாணம். மேசையின் ஒரு மூலையில் ரம்பத்தூளும் இன்னொரு மூலையில் பத்திரிகைக் கட்டும் கிடந்தன.

கிட்டார் சித்தூர் வேதாச்சலத்தினுடையது. ஒரு காலத்தில் சுற்று வட்டாரத்துக் கல்யாணங்களிலெல்லாம் அவருடைய ஆர்கெஸ்ட்ராதான். பன்னிரண்டு தந்திகள், உள்ளே கூடான உடம்பு, மேல்பலகையில் புருவம் போல இரண்டு வளைந்த துளைகள். ஆறு ஜோடித் தந்திகளின் இழுப்பில் கழுத்து வில்லாக வளைந்து, பரணில் எலிக்கு வீடாகிக் கிடந்ததை அவரே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். வெளியே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொன்னார். கேட்டது ஒன்றைத்தான்.

"உள்ள கீறத மட்டும் மாத்தாதம்மா. இரைஞ்சா இரையட்டும். அதும் கொரலே அதான்."

"என் பொறுப்பு சார்," என்று சொன்னவள் மோகனப்ரியா. வெங்கட் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

அவர் சொன்ன குரல், தந்திகளுக்குக் கீழே இருக்கும் இரண்டு காந்தச் சுருள்கள். பிக்கப் என்பார்கள். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை யாரோ எந்த ஊரிலோ எப்போதோ சுற்றியது. அந்த முகம் தெரியாத ஆளை அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். மழை பெய்யும் ஊராக இருக்கும், சன்னலோரம் உட்கார்ந்து சுற்றியிருப்பார் என்று.

வெங்கட் கழுத்துக்கு ஆவி பிடித்து நிமிர்த்தினான். அவள் துருவேறிய குமிழ்களையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மறுபடி பற்றவைத்து, அந்த வளைந்த துளை வழியாகவே உள்ளே இறக்கினாள். சன்னல் கம்பிக்குள் கையை விட்டு உள்ளறையில் கோலம் போடுவது மாதிரியான வேலை. கம்பிகள் பலகையில் மோதிச் சலசலக்காமலிருக்க அவற்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். அவள் பிளாஸ்டிக் பட்டி போடமாட்டாள். நகரியில் அவள் நைனா ஜெகநாதனின் தறியிலிருந்து எடுத்துவந்த நீல நூலால், பாவு இழை அறுந்தால் போடுகிற சின்ன முடிச்சைப் போடுவாள். அந்த முடிச்சு நழுவாது, புடைக்காது. அவள் கை வைத்த கருவிக்கு அதுதான் அடையாளம் என்று வெங்கட் எல்லோரிடமும் பெருமையடிப்பான்.

பெங்களூரிலிருந்து ஒருவன் அந்தச் சுருள்களை மட்டும் விலைக்குக் கேட்டு அனுப்பிய செய்தியைக் காட்டியவனும் வெங்கட்தான். "ஆளு வாணாவாம், நெஞ்சு மட்டும் போதுமாம்," என்றான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதன் பிறகு அவள் தந்தி வாங்கச் சென்னைக்குப் போனாள். திரும்பி வந்து பார்க்கும்போது, வெளியில் எல்லாம் அதே பழைய கீறல் விழுந்த மூடிகள். இரைச்சல் மட்டும் இல்லை.

வெங்கட் டீ வாங்கக் கீழே இறங்கியதும், பல் டாக்டர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியைத் துளைக்குள் விட்டு டார்ச் அடித்தாள். செம்புத் தகடு எங்கும் இல்லை. கம்பிக் கட்டு இருந்தது. நீல நூல் இருந்தது. அவள் போடும் அதே முடிச்சும் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அறுக்காமல் யாரும் அந்தக் கட்டை வெளியே எடுத்துச் சுருளை மாற்றியிருக்க முடியாது. வெங்கட்டுக்கு அந்த முடிச்சு வராது. காட்டிக் கொடுத்துப் பார்த்து, அவன் விரல் தடுமாறி, இருவரும் விட்டுவிட்ட சமாசாரம் அது. சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகுதான் முடிச்சின் வால் கண்ணில் பட்டது. அது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் எல்லாமே திரும்பித்தானே தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. இழுப்பறையிலிருந்து நீல நூலை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டு, துளைக்குள் அதன் பக்கத்தில் தொங்கவிட்டு, அதே கண்ணாடியில் பார்த்தாள். அவள் வால் ஒரு பக்கம், அந்த வால் மறுபக்கம். அவள் நறுக்கிய முனை சுத்தமாக இருந்தது. அந்த முனை மட்டும் நசுங்கிப் பிசிறடித்திருந்தது, பல்லால் கடித்த மாதிரி.

இடது கையால் முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து நூலை அறுக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு.

அவள் சென்னையில் இருந்த அன்றைக்கு அம்மா போனில் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை பத்திரிகை விஷயமாக வந்தாராம், ஏதோ பெரிய பெட்டி வைத்திருந்தாராம், மீன் குழம்பு துன்னுட்டுப் போனாராம். அதன் பின் நைனா போனை வாங்கி எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பழைய மூடிக்குள் வேறு சுருளை வைத்துவிட்டு வெங்கட் பெங்களூர்க்காரனுக்கு விற்றது காந்தத்தையும் கம்பியையும். திருட்டு என்றாலும் அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவள் உள்ளே பார்ப்பாள், அவளை ஏமாற்ற அவள் முடிச்சே வேண்டும் என்று யோசித்து, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நகரிவரை போயிருக்கிறான். அவளுக்கு முடிச்சுச் சொல்லிக்கொடுத்த கை, மறுபேச்சில்லாமல் கட்டிக் கொடுத்திருக்கிறது. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் வேதாச்சலம் தன் பழைய ஆட்களைக் கூட்டியிருக்கிறார். முதல் ஜோடித் தந்தியை மீட்டியதுமே அவருக்குத் தெரிந்துவிடும். "என் பொறுப்பு" என்று சொன்னவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

வெங்கட் டீயோடு வந்தபோது அவள் கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"நகரிக்கு. நைனாவுக்கு வாசிச்சுக் காட்டணும்."

"அவருக்கு இதெல்லாம் ஏமி தெலுசு? ஞாயித்துக்கெழம அப்பறம் போலாம்."

அவள் பெட்டியின் கொக்கியை மாட்டினாள். அவன் ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகாணியை மறுபடி முறுக்க ஆரம்பித்தான். படியிறங்கித் தெருவுக்கு வந்து அவள் நிமிர்ந்து பார்க்கும்போது, சன்னலோரம் அவன் போனைக் காதில் வைத்திருந்தான்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் உள்ளே தந்திகள் மெல்ல முனகின. புத்தூர் தாண்டும்வரை நைனாவுக்காக அவளே சாக்குகள் தேடினாள். பழைய பொருள் பழுதாகிவிட்டது என்று வெங்கட் சொல்லியிருப்பான். கல்யாணம் வைத்த வீட்டில் மாப்பிள்ளை கேட்டால் எப்படி மறுப்பது. ப்ரியாவுக்குச் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவாள் என்றிருப்பான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அறுபட்ட அவள் முடிச்சை நைனா கையில் எடுத்துப் பார்த்திருப்பாரே. பார்த்ததும் யார் போட்டதென்று அவருக்குத் தெரிந்திருக்குமே. அந்த இடத்துக்கு வந்ததும் சாக்கு தீர்ந்துபோயிற்று.

மற்ற நாளென்றால் பவர்லூம் சத்தத்தில் தொண்டை கிழியக் கூப்பிட்டால்தான் நைனா திரும்புவார். இன்றைக்கு அவள் செருப்பைக் கழற்றும்போதே தறி நின்றிருந்தது. கரண்ட் இருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நைனா பலகையில் உட்கார்ந்து, துடைத்த கையையே துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா ப்ரியா. சாப்ட்டியா?" என்றார். பெட்டியை மட்டும் பார்க்கவில்லை.

"மாப்ள போன் பண்ணாரா நைனா?"

"பண்ணாரு. பஸ் ஏறிட்டன்னாரு." பிறகு, தறியைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல புள்ள. கோவத்துல எதையும் ஒட்ச்சிக்காத."

அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறக்கவில்லை. தறியடியில் கிடந்த நீல நூல்கண்டிலிருந்து ஒரு சாண் இழுத்து, நடுவில் அறுத்தாள். இரண்டு துண்டையும் அவர் முழங்காலுக்கு அருகே பலகைமேல் வைத்தாள்.

"இத்த ஒரு தபா கட்டிக் காட்டு நைனா."