தொட்டியிலிருந்து மூன்றாவது கதவு

காப்பியடித்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காப்பிதான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஊரிலுள்ள போன்களிலெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு விளையாட்டில், வாளும் கையுமாக ஒருவன் மாடிக் கட்டடங்களின் கூரைமேல் ஓடுவான். எதிரே வரும் பூதங்களை வெட்டிச் சாய்ப்பான். கடைசியில் ஆற்றுக்குள் குதிப்பான். தினுஷன் செய்த விளையாட்டும் அதுவேதான். வாளுக்குப் பதில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மாடிக்குப் பதில் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே அவன் பிறந்து வளர்ந்த லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையின், தகரக் கூரை. பெயர் ‘தகர வீரன்’.

தினுஷன் கண்டி நகரத்தில் ஓர் அச்சகத்தில் கலியாணக் கார்டு வடிவமைக்கிறவன். வேலை முடிந்த பிறகு படங்களை அவன் வரைய, அலவத்துகொடயிலிருந்து வரும் கூட்டாளி ரஸீன் புரோகிராம் எழுதினான். இரண்டு பழைய கம்ப்யூட்டர், ஒரு வாடகை அறை, அவ்வளவுதான் கம்பெனி. விளையாட்டு வெளியானதும் முகம் தெரியாதவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசி ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். ஆனால் தோட்டத்தில் அதை விளையாடாத ஆளில்லை. தங்கள் வீட்டுக் கூரைமேல் ஒரு வீரன் ஓடுகிறான் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

லயத்தில் பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு வீடு. வரிசையின் ஒரு முனையில் சீமெந்துத் தண்ணீர்த் தொட்டி, மறுமுனையில் மாரியம்மன் கோயில். விளையாட்டின் முதல் வடிவத்தில் வீரன் தொட்டிப் பக்கம் புறப்பட்டு, பன்னிரண்டு கூரைகளையும் தாண்டி, கோயில் கூரையையும் மிதித்து, அப்பால் வரைந்திருந்த ஓர் ஆற்றுக்குள் குதித்தான். பொங்கலுக்குப் போனபோது தினுஷன் அதைத் தாய்மாமன் ராஜலிங்கத்துக்குக் காட்டினான். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை நல்லம்மா சிரிக்கவில்லை.

“அம்மன் தல மேலயா அவன் ஓடுறான்? தூக்குடா அத,” என்றாள்.

அத்தை சொன்னால் சொன்னதுதான். தினுஷன் கண்டிக்குத் திரும்பி ரஸீனிடம் சொல்ல, அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கோயிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொட்டியைத் தூக்கி வைத்தால் வீரன் அதற்குள்ளேயே குதிக்கலாம், ஆறும் தேவையில்லை, அது யாருக்கு விளங்கப் போகிறது என்றான். அரை மணி நேர வேலை. கோயில் போயிற்று, தொட்டி வந்தது. அம்மனை மிதிக்காத திருப்தியோடு தினுஷன் அன்று தூங்கினான்.

அதன்பின் இரண்டு வருடம் அந்தத் திரையில் அவன் ஓடாத நாளில்லை. பிழை பார்க்க, வேகம் பார்க்க, புதுப் பூதம் சேர்க்க என்று ஆயிரம் தடவை அந்தக் கூரைகளைத் தாண்டியிருப்பான். லயத்துக்கு நேரில் போனது மூன்றே தடவை.

பிறகு அந்த மழை வந்தது. நாலு நாள் விடாமல் அடித்தது. மண் வெடிக்கிறது என்று லயத்து ஆட்களை மூன்றாம் நாளே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் காலையில், அலுமாரிக்குள் இருக்கும் அடையாள அட்டைகளை எடுத்து வருகிறேன் என்று ராஜலிங்கம் மட்டும் திரும்பிப் போனார். அட்டை இல்லாவிட்டால் நாளைக்கு எந்த நிவாரண வரிசையிலும் நிற்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அவர் போய்க் கால்மணி நேரத்தில் மலை இறங்கியது.

பாதி வழி பஸ், மீதி வழி நடை என்று தினுஷன் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். லயம் இருந்த இடத்தில் செம்மண் மேடு. கோயில் இல்லை. தொட்டி மட்டும் கழுத்துவரை மண்ணில் புதைந்து நின்றது. மேல்பக்கம் இன்னும் சரியலாம் என்று இராணுவம் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இப்பால் நல்லம்மா, அவளைச் சுற்றிப் பெண்கள். பனி மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

இராணுவ அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அங்கிருந்தவர்களில் சரளமாகச் சிங்களம் பேசியவன் தினுஷன் ஒருவன்தான். தோண்டுவதற்கு மெஷின் வந்து நிற்கிறது, எந்த இடத்தில் தோண்டுவது என்று அதிகாரி கேட்டார். தோட்டத்து அலுவலகமான கந்தோரில் அந்த லயத்துக்கு வரைபடம் கிடையாது. வீட்டுக்கு இலக்கமும் கிடையாது. கடிதம் வந்தால்கூடக் கந்தோருக்குத்தான் வரும்.

நல்லம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோயில் பக்கமிருந்து மூணாவது வீடுன்னு சொல்லு. அம்மனுக்கு வெளக்கு வச்சா எங்க வாசல்ல வெளிச்சம் விழும்னு சொல்லு.”

தினுஷன் போனை எடுத்து ‘தகர வீரன்’ திறந்தான். மாமாவின் பச்சைக் கதவு, அதற்குப் பிறகு இரண்டு கதவு, அதன்பின் தொட்டி. கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று இருந்தது. அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கடைசியில் ஒரு வரைபடம் கிடைத்துவிட்டதே. தொட்டியிலிருந்து மூன்றாவது கதவு என்று தினுஷன் சொன்னான்.

“அந்த அம்மா என்ன சொல்கிறார்?” என்று அதிகாரி கேட்டார்.

“அதையேதான் சொல்கிறார்,” என்றான் தினுஷன்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அத்தையும் மூன்று என்றாள், படமும் மூன்று என்றது. அழுதுகொண்டிருக்கிற ஒரு பெண்ணின் பேச்சை விளக்கு, வாசல், வெளிச்சம் என்று வரிக்கு வரி பெயர்த்துச் சொல்லிக்கொண்டிருக்க அது நேரமில்லை என்று அவனுக்குப் பட்டது. படித்தவன் அல்லவா, சுருக்கமாகச் சொன்னான்.

அன்று இருட்டும்வரை தோண்டினார்கள். மழை வலுத்ததால் நிறுத்தி, விடிந்ததும் மறுபடி தொடங்கினார்கள். நல்லம்மா கயிற்றை விட்டு அசையவில்லை. மெஷின் சத்தம் மட்டும்தான் அவளுக்குக் கேட்டது. எந்தப் பக்கம் தோண்டுகிறார்கள் என்று பனி அவளுக்குக் காட்டவில்லை.

ஒன்பது மணிபோல ஒரு சிப்பாய் மண்ணுக்குள்ளிருந்து இரும்புச் சாமான் ஒன்றை இழுத்து வெளியே போட்டான். தையல் மெஷின். தினுஷன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். லயத்தில் ஒரே ஒரு தையல் மெஷின்தான் உண்டு. அது பாப்பம்மாவுடையது. சின்ன வயதில் கால்சட்டை தைக்கக் கொடுக்க, மாமா வீட்டிலிருந்து லயத்தின் அடுத்த முனைவரை அவன் ஓடியிருக்கிறான். மாமா வீட்டுக்கும் பாப்பம்மா வீட்டுக்கும் நடுவில் ஆறு வீடு.

அப்போதுதான் கோயில் அவன் ஞாபகத்துக்கு வந்தது. அதை விளையாட்டிலிருந்து எடுத்தது அவன். தொட்டியைத் தூக்கி அந்த இடத்தில் வைத்ததும் அவன்.

ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னான். மெஷினை மறுமுனைக்குத் திருப்பினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பச்சைக் கதவு தெரிந்தது. அலுமாரி சுவர்மீது சாய்ந்து, அதற்கடியில் ஓர் ஆள் குந்தியிருக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. ராஜலிங்கம் அதற்குள் குந்தியிருந்தார். முகத்தில் மண்ணில்லை. சட்டைப்பையில் இரண்டு அடையாள அட்டைகளும் நனையாமல் இருந்தன.

தூக்கிய சிப்பாய் பக்கத்திலிருந்தவனிடம் மெதுவாக ஏதோ சொன்னான். தினுஷனுக்குக் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்து வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே மாமாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் அழுது ஓய்ந்த பிறகு நல்லம்மா அவனைக் கூப்பிட்டாள்.

“தூக்குறப்ப அந்த ஆமிக்காரப் பையன் என்னமோ சொன்னான்னு சொல்றாங்க. என்னா சொன்னான்?”

அவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். ஒன்றுமில்லை என்று சொல்லலாம். பாவம் என்றான் என்று சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. முந்தின நாள் அதிகாரியிடம் சொன்ன ‘அதையேதான்’ என்ற அந்த ஒற்றை வார்த்தையும் இப்படித்தான் லேசாக வந்தது.

“உடம்பு இன்னும் வெறைக்கல, விடியுற வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு சொன்னான், அத்த.” பிறகு மீதியையும் சொன்னான். போனைப் பார்த்துச் சொன்னதை, கோயிலை எடுத்த இடத்தில் தொட்டி இருந்ததை, அதிகாரி கேட்டபோது தான் சொன்ன பதிலை.

நல்லம்மா அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

“நான் சொன்னத நீ அவங்ககிட்ட சொல்லவேயில்லையா?”

“இல்ல, அத்த.”

“தொரமாரு எங்க பேச்சக் கேக்க மாட்டாங்க. அது பழகிப்போச்சு. நீ எங்க புள்ள தானேடா.”

அவ்வளவுதான் சொன்னாள். சேலை முந்தானையால் கணவர் முகத்தைத் துடைக்கத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் கிராம சேவகர் ஒரு கோப்போடு வந்தார். மரண விசாரணைக்கு வாக்குமூலம் எழுத வேண்டும், மொழி தெரிந்தவர் யார் என்று சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் தினுஷனைப் பார்த்தார்கள். அவன் நல்லம்மாவைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

வீடு எது என்ற கேள்விக்கு நல்லம்மா முந்தின நாள் சொன்னதையே சொன்னாள். கோயில் பக்கமிருந்து மூன்றாவது வீடு, அம்மனுக்கு விளக்கு வைத்தால் எங்கள் வாசலில் வெளிச்சம் விழும். தினுஷன் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னான். விளக்கு விஷயமெல்லாம் தேவையில்லை, வீட்டை மட்டும் எழுதுகிறேன் என்றார் கிராம சேவகர்.

“அவர் சொன்னது அதுதான், ஐயா. அதையும் எழுதுங்கள்,” என்றான் தினுஷன்.

அவர் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

நல்லம்மா பேனாவைப் பார்க்கவில்லை. அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுசா சொன்னியா?”

“முழுசா சொன்னேன், அத்த.”

அடுத்த கேள்விக்கும் அவள் பதில் சொன்னாள், அவன் பெயர்த்தான், அவள் மறுபடி கேட்டாள். பக்கம் முடிந்து அவள் கைநாட்டு வைக்கும்வரை, ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு கேட்டுக்கொண்டேயிருந்தாள்.