இடம் மாறாத மலை

கடல் நடுவே கருங்கற் கோட்டைகளென எழுந்த வடகடல் தீவுகளின்மேல் நெடுமழை ஓய்ந்து, கோடையின் முடிவறியா மாலை வெளுத்த ஒளியை விரித்தது. புல்வேய்ந்த கூரைகளில் நீராவி எழ, காற்றில் உலரும் ஆட்டிறைச்சியின் கார மணம் தெருவெல்லாம் பரவ, பெரும்போர் விழுங்கிய படகுகளின் இடத்தில் புதுப்படகுகள் தார்பூசி மின்னின. அவ்வூரின் புது மன்றத்தில் மறுநாள் தொங்கவேண்டிய ஓவியத்தின்முன் நின்றாள் சுன்னேவா. தலைநகரில் ஓவியம் பயின்று மீண்டவளைச் 'சாயம்பூசி' என்று எள்ளிய ஊர், முதன்முறையாக அவளிடம் கேட்டு வாங்கும் படம் அது.

தம்பி ஹானுஸ் உள்ளே வந்தான், பார்த்தான், முகம் வெளிறினான்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? மணிக்கூண்டு கருமுடி மலைக்கு நேரா நிக்குது, அருவி பாறைப் பிளவுக்குள்ள விழுது. இந்த ரெண்டும் ஒண்ணாத் தெரியுறது கடல்ல ஒரே எடத்துலதான். அப்பா என் காதுல மட்டும் சொன்ன மீன் எடம்க்கா அது! படத்தைப் பாத்தா ஊரே அங்க வந்துடும்!"

"உன் படகுல உக்காந்து பாத்தேன். பாத்ததை வரைஞ்சேன்."

"மலையைக் கட்டைவிரல் அகலம் தள்ளி வையேன். மலை கோச்சுக்கவா போகுது?"

"மலை கோச்சுக்காது. நான் கோச்சுப்பேன்."

ஆயினும் தம்பி வீட்டு அடுப்பை எண்ணித் தூரிகையை எடுத்தாள், மலைமுடியை நகர்த்தினாள். அந்நொடியே, மலையிடுக்கின் வழி நீர்மேல் வீழ்ந்திருந்த ஒளி வேரற்றுப் போயிற்று. கடல் வெறும் பச்சைத் துணியாயிற்று. ஈரம் காயுமுன் பொய்மலையைச் சுரண்டியெறிந்து, மலையைப் பழைய இடத்திலேயே வரைந்துவிட்டு, மீன் அறுக்கும் கத்தியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"இதுல பொய்யா வரைய எனக்குக் கை வராது. வேணாம்னா நீயே கிழிச்சுடு."

அவன் கத்தியுடன் நெருங்கினான். ஆழத்து மீன்திரள்மேல் மட்டும் படரும் மங்கிய செந்நிறம், தந்தைக்கும் தனக்குமே தெரியும் என்று அவன் இறுமாந்திருந்த அந்நிறம், படத்தின் நீரில் கிடந்தது. கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான்.

மறுநாள் மன்றத்தில், அதுவரை அவளை எல்லோரையும்விட உரக்க எள்ளிவந்த மீனவன் ரெகின், படத்தின்முன் ஒரு கண்ணை மூடி நெடுநேரம் நின்றான். அதற்கடுத்த காலை சுன்னேவா தம்பியின் படகில் சென்றபோது, அம்மீன் இடத்தில் ரெகினின் படகு மிதந்தது.

"யார்றா உனக்கு வழி சொன்னது?" என்று முழங்கினான் ஹானுஸ்.

"உங்கக்காதான். சுவத்துல தொங்குதே!"

"சாயம்பூசின்னு சொன்ன வாய்தானே அது?" என்றான் ஹானுஸ்.

"அந்த வாயை மூடிக்கிட்டுத்தான் தூண்டில் போடுறேன்!"

ஹானுஸ் சினந்து பார்க்க முயன்று, தோற்று, உரக்கச் சிரித்தான்.

"அக்கா, இன்னொரு எடம் இருக்கு. அங்க உன் கண்ணைக் கட்டித்தான் கூட்டிட்டுப் போவேன்."

அவ்வாண்டு அவ்வீட்டில் உலர்ந்த மீன் குறைவே, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் 'சாயம்பூசி' என்னும் சொல் அவ்வூரில் பின்னர் எழவில்லை. வரைந்த மலையை நம்பி ஒருவன் படகு செலுத்தினான். மலை அவனைக் கைவிடவில்லை. வேறெந்தப் புகழையும் சுன்னேவா அவ்வூரிடம் கேட்டதில்லை.