பிலாத்துவுக்கு ஊசி

ஏசுவின் பாடுகளை நடிக்கும் ஆவூர்ப் பாஸ்கா நாடகத்தில், அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து வேடம் சந்தனராஜுக்குத்தான். அவர் குரல் எழுப்பினால் அழுகிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். அந்த வருஷம் ஒத்திகை தொடங்கும்போது அவர் பிடரியில் ஒரு கட்டி கிளம்பியது. மனைவி மரிய செல்வி பற்றுப் போட்டுப் பார்த்தாள். கட்டி பழுத்துப் பல கண் வைத்து, நெருப்பாய்க் காந்தியது. வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"இது ராஜபிளவை" என்றார் டாக்டர் அமிர்தவல்லி. "தாகம் ரொம்ப எடுக்குதா?"

"கொடம் கொடமாக் குடிக்கிறாருங்க. ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு வேற மொய்க்குது" என்றாள் மரிய செல்வி, தலையைக் குனிந்தபடி.

டாக்டர் சிறுநீரை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமானது.

"சர்க்கரை வியாதிதான்."

"சர்க்கரைக்கும் கட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கும்மா. கிருமியோட சண்டை போடுறது அதுதான். சர்க்கரையை எரிச்சாத்தான் அதுக்குத் தெம்பு. இவருக்கு ரத்தம் பூராச் சர்க்கரை, ஆனா ஒழுங்கா எரிக்க முடியல. அரைத் தெம்புல போடுற சண்டை ஜெயிக்கவும் மாட்டேங்குது, ஓயவும் மாட்டேங்குது. அதான் வீக்கம் வத்தல."

கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். சர்க்கரையை எரிய வைக்கும் இன்சுலின் ஊசியை நாள்தோறும் போடப் போடக் காய்ச்சல் இறங்கியது, காந்தல் தணிந்தது, புண்ணில் சிவப்பாய்ப் புதுச் சதை தெரிந்தது. சந்தனராஜ் கட்டிலில் உட்கார்ந்து வசனம் பேசத் தொடங்கினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் நாடகத்தில் வரும் யூதர் கூட்டமாகிக் கத்த, என்னவோ ஏதோவென்று டாக்டர் ஓடி வந்தார்.

"நல்லாக் கத்துங்க. ஆனா வீட்டுலயும் ஊசி நிக்கக் கூடாது" என்றவர், ஊசி போட மரிய செல்விக்கே பழக்கிவிட்டார்.

பாஸ்கா அன்று பொழுது சாய்ந்ததும் கூட்டம் நெருக்கியடித்தது. திரைக்குப் பின்னால் பிலாத்து கிரீடத்தோடு நின்றார். மரிய செல்வி வெந்நீரில் காய்ச்சியெடுத்த ஊசியோடு வந்தாள்.

"கையைக் காட்டுங்க."

"நாடகம் முடியட்டும் புள்ள."

"ஊசி போட்டுட்டுத்தான் சாப்பிடணும். சாப்பாட்டு நேரமாச்சு. காட்டுங்க!"

"ஐயோ மாதாவே!"

அலறல் திரையைத் தாண்டிப் போய்விட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவசரமாய் நாலு கவளம் விழுங்கிய பிலாத்து, மீசையைத் துடைத்துக்கொண்டு மேடையேறி முதல் வசனத்தை முழங்கினார். சிரிப்பு அப்படியே அடங்கியது. திரைக்குப் பின்னால் மரிய செல்விக்குத்தான் அடங்கவே இல்லை.