உம் கொட்டுதல்

செலினா ஜப்பான் மொழியில் இரண்டு பரீட்சை தாண்டிவிட்டாள். அங்கே முதியோர் இல்லத்து வேலைக்குப் போகத்தான் இந்தப் படிப்பு. படுத்திருப்பவரைப் புரட்டிவிடும்போது என்ன சொல்வது, கஞ்சி சூடாக இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது, எல்லாம் அத்துப்படி. ஆனாலும் கள்ளக்குறிச்சி வகுப்பில் வைத்த ஒத்திகை நேர்முகத்தில் கோட்டை விட்டாள். பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவள் அவள்.

வகுப்பெடுக்கும் இசைவாணி தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க பேசப் பேச நீ ஹை, ஹைன்னு சொல்லிக்கினே இருக்கணும்மா. இல்லன்னா ஒண்ணும் புரியலன்னு முடிவு கட்டிடுவாங்க. ஹைன்னா சரின்னு ஒத்துக்கறது இல்ல. கேட்டுக்கினு இருக்கேன், மேல சொல்லுங்கன்னு அர்த்தம். நாம உம் கொட்டறோம்ல, அதான். வூட்ல ஜாஸ்தி பேசறவங்ககிட்ட பழகு."

ஜாஸ்தி பேசுகிறவனைத்தான் அவள் கட்டிக்கொண்டிருந்தாள். ஆல்பின் வாயைத் திறந்தால் பாதி வடக்கனந்தல் ஊருக்கே கேட்கும். கல்யாணமான புதிதில் அவளும் உம் கொட்டியவள்தான். எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டே அவன் கிணற்று மோட்டார் கதையை ஆரம்பித்தான்.

"ம்," என்றாள் செலினா.

ஆல்பின் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மோட்டாரிலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து அண்ணன் வீட்டுச் சண்டைக்கும் போனான். இடத்துக்கு இடம் "ம்" விழுந்தது. போகப் போக அவன் குரல் இறங்கியது.

"நேத்து உன் பொட்டிய தூக்கிப் பாத்தேன். காலிப் பொட்டிதான். அதுவே கனக்குது."

"ம்."

"கோயில்ல எல்லாரும், எப்ப கெளம்புறா உன் பொண்டாட்டின்னு கேக்கறாங்க. நான் சிரிச்சிக்கினு நிக்கறேன்."

"ம்."

"எனக்குப் புடிக்கல செலினா. போவாம இருந்துடு, இன்னா?"

"ம்." பழகிய வாய் முந்திக்கொண்டது.

அவன் முகம் மலர்ந்தது. அந்த "ம்" வேறு, ஒத்துக்கொண்டதாக ஆகாது என்று அவள் சொல்லவேண்டும். புதன்கிழமை நேர்முகம். போகத்தான் அவளுக்கு ஆசை. இவன் இப்படிப் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று என்பதும் சேர்ந்து நினைவுக்கு வந்து தொலைத்தது.

"இந்தக் கெழங்க புடுங்கிட்டு, அடுத்த பட்டத்துக்கு மக்காச்சோளம் போடுவோம். ரெண்டு பேருமா," என்றான் ஆல்பின்.

சொல்லிவிட்டு, ஓங்கிய களைக்கொட்டை இறக்காமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.