ஒரு போன், ஆறு தோட்டம்

கீரமங்கலம் பக்கத்தில் பறித்த மல்லிகை மொட்டு, காலை எட்டு மணிக்குள் பூக்கடைக்குப் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறி மொட்டு விரிந்துவிட்டால் யார் சீண்டுவார்கள்? அதற்காகத்தான் இலக்கியா சென்னை வேலையை உதறிவிட்டு வந்து, ஆறு மாதம் மெனக்கெட்டு, ‘பூவண்டி’ என்று ஓர் ஆப் செய்தாள். பெயரைப் போட்டு, அடுத்த திரையில் எத்தனை கிலோ என்று போட்டு அனுப்பினால் போதும், வேன் தோட்டத்துக்கே வரும்.

எங்கே வந்தது? நேற்று ஆறு தோட்டத்தில் ஒன்றுக்குத்தான் வந்தது. பிச்சையம்மாளின் எட்டுக் கிலோ பூ வரப்பிலேயே வீணாய்ப் போயிற்று. பூ விவசாயிகள் குழுத் தலைவர் முத்துராமன் நேற்றே ஒரே போடாகப் போட்டுவிட்டார்: “நாளைக்கு ஒரு நாள் பாக்குறேம்மா. நாளைக்கும் வரலைன்னா எல்லாரும் அதை அழிச்சிட்டுப் பழையபடி டிரைவருக்கே போன் போட்டுக்கிறோம்.”

வீட்டில் இருபது தடவை சோதித்தாயிற்று. இலக்கியாவின் போனில் ஒரு குறையும் இல்லை. எரிச்சலோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விடிந்ததும் தோட்டத்துக்கே வந்துவிட்டாள்.

பிச்சையம்மாளின் பக்கத்துத் தோட்டக்காரி முனியாயி தன் பெயரைப் போட்டாள், ஆறு கிலோ என்றாள், அனுப்பினாள். பிறகு போனை வரப்பைத் தாண்டி நீட்டினாள்.

“இந்தா பிச்சையம்மா, ஒன் எடையப் போடு.”

பிச்சையம்மாள் பின்னால் போகும் குறியை அமுக்கினாள். எடைத் திரை வந்தது. எட்டு என்று போட்டாள்.

“அக்கா, நில்லுங்க! ஒங்க பேரைப் போடலையே?” என்றாள் இலக்கியா.

“அது கேக்கவே இல்லையேம்மா. கேட்டாத்தானே போடுவேன்? எங்க ஆறு பேருக்கும் இந்த ஒரு போன்தான்.”

அட, கூறுகெட்டவளே! இலக்கியா தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். ஆளுக்கொரு போன் என்றல்லவா நினைத்திருந்தாள்! பின்னால் போனால் பழைய எடைத் திரையே வருகிறது. முனியாயிதான் எடையைத் திருத்துகிறாள் என்று ஆப் நினைத்துக்கொள்கிறது. ஆறு தோட்டமும் ஒரே தோட்டமாகிவிட்டது.

கண்டுபிடித்துவிட்டாள்! கை பரபரத்தது. வரப்பில் சம்மணம் போட்டு, முனியாயியின் போனை லேப்டாப்பில் சொருகினாள். அனுப்பியதும் எடைத் திரையைத் தூக்கி எறி, பின்னால் போனால் பெயர் கேட்கும் திரைக்கு வா என்று மாற்றி எழுதி ஏற்றினாள்.

பிச்சையம்மாள் அமுக்கிப் பார்த்தாள். ஆப் மொத்தமாக மூடிக்கொண்டது.

போச்சுடா! அவசரத்தில் பெயர்த் திரையையும் சேர்த்தல்லவா எறிந்திருக்கிறாள்.

“மணி ஏழாவப் போவுது ஆத்தா, வெயில் வந்துருச்சு,” என்றாள் முனியாயி.

“ரெண்டே நிமிசம்க்கா!” ஒரே ஒரு வரிதான். அதைத் திருத்தி மறுபடி ஏற்றினாள்.

இந்த முறை அமுக்கியதும் ‘உங்கள் பெயர்?’ என்று கேட்டது. பிச்சையம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “கேக்குதுடீ, என் பேரைக் கேக்குது!”

போன் கை மாறிக் கை மாறி ஓடியது. ஆறாவது பெயர் போன கையோடு வேன் டிரைவர் விக்ரம் இலக்கியாவைப் போனில் கூப்பிட்டான்.

“அக்கா, ஆறு தோட்டம் காட்டுது. நெசந்தானா?”

“நெசந்தான் விக்ரம், வெரசா வாங்க!”

ஏழரைக்குள் ஆறு கூடையும் வேனில் ஏறிவிட்டன. பிச்சையம்மாள் தன் கூடையை யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி வைத்தாள்.

எட்டு மணிக்கு முத்துராமனிடமிருந்து போன் வந்தது. இலக்கியா எடுத்தாள்.

“ஏம்மா இலக்கியா,” அவர் குரல் இறங்கியிருந்தது, “நான் நேத்து ராத்திரியே அந்த ஆப்பை அழிச்சிட்டேன். மறுபடி எப்பிடிம்மா ஏத்துறது?”